கொடுக்க முடிந்த நாடு

நிலவில் இறங்குவதற்கு இஸ்ரோ பார்த்த ஒத்திகைக்கு மண் கொடுத்தது நாமக்கல் மாவட்டம். சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் கிடைக்கும் அனார்த்தசைட் பாறை, நிலவின் மேட்டு நிலத்துப் பாறையோடு ஒத்துப்போவது. அதை டன் கணக்கில் வெட்டியெடுத்து, பொடியாக அரைத்து, பெங்களூருக்குக் கொண்டுபோய் ஆய்வுக்கூடத்தில் நிலவுத் தரையைப் போலப் பரப்பினார்கள். அதன்மேல்தான் தரையிறங்கும் கலத்தையும் உலாவும் வண்டியையும் சோதித்துப் பார்த்தார்கள். வெளிநாட்டிலிருந்து வாங்கியிருந்தால் பெருஞ்செலவு ஆகியிருக்கும். அந்த மண்ணைத் தயாரிக்கும் முறைக்கு 2020இல் இஸ்ரோவுக்குக் காப்புரிமையும் கிடைத்தது. 2023 ஆகஸ்ட் 23 மாலை சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கியபோது நாமக்கல் மாவட்டத்துக்காரர்கள் கூடுதலாக ஒரு பங்கு பெருமைப்பட்டுக்கொண்டதில் நியாயம் இருந்தது.

அதே மாவட்டத்தில்தான் கொல்லிமலையும் இருக்கிறது. காரவள்ளியில் ஏறத் தொடங்கினால் சோளக்காடு போய்ச் சேர்வதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே இருக்கும் ஊராட்சிகளின் பெயர்களெல்லாம் நாடு என்று முடிகின்றன: வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, குண்டூர் நாடு, சேளூர் நாடு, தேவனூர் நாடு. குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடி மக்கள். இந்தியா உலகத்துக்குத் தலைமை தாங்குமா என்ற கேள்வி இப்போது கருத்தரங்குகளிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் ஓயாமல் அடிபடுகிறது. அதை இந்த மலையில் வைத்துக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. மலையின் குறைகளைக் காட்டி நிலவுப் பயணத்தை மட்டம் தட்டும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. கணிப்புச் சொல்கிறவர்கள் எதை அளக்கிறார்கள், எதை அளக்காமல் விடுகிறார்கள் என்பது இங்கே நின்று பார்த்தால் தெளிவாகத் தெரிகிறது.

வேகமாக வளரும் நாடுகளைப் பார்த்து ஆரூடம் சொன்னவர்கள் ஏராளம். பொய்த்துப்போன ஆரூடங்களும் ஏராளம். பால் சாமுவேல்சனின் பொருளியல் பாடநூலை உலகெங்கும் கல்லூரிகளில் படித்தார்கள். அதன் 1961ஆம் ஆண்டுப் பதிப்பு, சோவியத் பொருளாதாரம் 1984க்கும் 1997க்கும் இடையில் அமெரிக்காவை எட்டிவிடக்கூடும் என்றது. 1991 டிசம்பரில் சோவியத் ஒன்றியமே இல்லாமல் போயிற்று. 1979இல் ஹார்வர்ட் பேராசிரியர் எஸ்ரா வோகல், ஜப்பானை முதலிடத்தில் வைத்து ஒரு நூல் எழுதினார். ஜப்பானிலேயே அது அமோகமாக விற்றது. பத்து ஆண்டு கழித்து, 1989 டிசம்பர் 29 அன்று, டோக்கியோவின் நிக்கேய் பங்குக் குறியீடு 38,915 புள்ளியில் நின்றது. மறுபடி அந்த உயரத்தைத் தாண்டுவதற்கு 2024 பிப்ரவரி ஆகிவிட்டது. பிரேசில் 1968 முதல் 1973 வரை ஆண்டுக்குப் பத்து விழுக்காட்டை ஒட்டி வளர்ந்தது, 1980களில் கடனில் மூழ்கியது. லான்ட் பிரிட்செட், லாரன்ஸ் சம்மர்ஸ் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2014இல் பல நாடுகளின் கணக்கை எடுத்துப் பார்த்து ஒன்றைச் சொன்னார்கள். அதிவேக வளர்ச்சி நெடுங்காலம் நீடிப்பது அபூர்வம். பெரும்பாலான நாடுகள் கொஞ்ச காலத்தில் உலகச் சராசரிக்குத் திரும்பிவிடுகின்றன.

எதிர்ப்பக்கத்து ஆரூடமும் இப்படியே பொய்த்திருக்கிறது. அந்தக் கதையில் இருப்பது நம் நாடு என்பதால் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். 1967இல் வில்லியம் பேடக், பால் பேடக் என்ற அமெரிக்கச் சகோதரர்கள் 1975இல் உலகப் பஞ்சம் வரும் என்று புத்தகம் எழுதினார்கள். இந்தியாவைக் காப்பாற்ற முடியாது, அங்கே தானியம் அனுப்புவது வீண் என்பது அவர்கள் தீர்ப்பு. பீகார் வறட்சியில் கிடந்தது. அமெரிக்காவிலிருந்து பி.எல்.480 சட்டத்தின் கீழ் வந்த கோதுமைக் கப்பல்களை எதிர்பார்த்து நாடு உட்கார்ந்திருந்தது. வியட்நாம் போரைப் பற்றி டெல்லி சொன்ன கருத்து ஜனாதிபதி ஜான்சனுக்குப் பிடிக்கவில்லை. மாதக்கணக்குப் பார்த்துப் பார்த்துத்தான் கப்பலை விட்டார். தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவுக்கு அமெரிக்கப் பால்பவுடர் வந்துகொண்டிருந்த காலம் அது.

அந்த நிலையிலிருந்து நாடு வெளியே வந்ததில் இரண்டு தமிழர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. பொள்ளாச்சிப் பக்கத்துச் சி. சுப்பிரமணியம் மத்திய உணவு அமைச்சராக இருந்தார். கும்பகோணத்து எம்.எஸ். சுவாமிநாதன் டெல்லி வேளாண் ஆய்வு நிறுவனத்தில் விஞ்ஞானி. புதிய கோதுமை ரகத்தில் நம்பிக்கை ஏற்படுத்துவதற்காகத் தன் டெல்லி வீட்டுப் புல்வெளியிலேயே அதை விளைவித்துக் காட்டினார் சுப்பிரமணியம். 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதை கப்பலில் வந்தது. 1965இல் 1.2 கோடி டன்னாக இருந்த கோதுமை விளைச்சல் 1968இல் 1.7 கோடி டன்னைத் தொட்டது. விதை மட்டும் இதைச் சாதிக்கவில்லை. விளைந்ததை வாங்கிக்கொள்ள இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரியில் உருவானது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் திறந்தது. விலைக்கு உத்தரவாதம் இருந்தது, சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தார்கள், வரப்பு வரைக்கும் அரசாங்கம் நடந்து போனது. பேடக் சகோதரர்கள் வயலையும் வாயையும் எண்ணினார்கள். ஒரு ஏழை நாட்டு விவசாயி புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வார் என்பது அவர்கள் கணக்கில் வரவில்லை.

இன்றைய எண்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். 2022இல் பிரிட்டனைத் தாண்டி உலகின் ஐந்தாவது பெரிய பொருளாதாரமானோம். 2023இல் சீனாவைத் தாண்டி மக்கள்தொகையில் முதலிடத்துக்கு வந்தோம். தலைக்கு வருமானம் ஆண்டுக்கு 2,500 டாலரை ஒட்டி இருக்கிறது. சீனாவில் அதைப்போல் ஐந்து மடங்கு. 2047க்குள் வளர்ந்த நாடாவது என்று அரசு இலக்கு வைத்திருக்கிறது. நாடு பெரிதாகுமா என்று கேட்டால் இந்த எண்கள் ஆகும் என்கின்றன, நானும் அப்படியே நம்புகிறேன். தலைமைக்கு வேறு ஒரு சோதனை இருக்கிறது. தன் வீட்டிலேயே முடை வரும் வருஷத்திலும், தன்னை நம்பியிருப்பவனுக்குக் கொடுத்த வாக்கை ஒரு நாட்டால் காப்பாற்ற முடிகிறதா? நல்ல வருஷத்தில் யாரும் கொடுக்கலாம்.

அண்மைக் காலத்தில் இந்தச் சோதனை நமக்கு இரண்டு முறை வந்தது. 2021 ஜனவரியில் தடுப்பூசி தயாரானதும் இந்தியா அதைப் பக்கத்து நாடுகளுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் அனுப்பத் தொடங்கியது. பணக்கார நாடுகள் தங்களுக்கு வேண்டியதைப் போல் பல மடங்கு முன்பதிவு செய்து பதுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் நாம் அனுப்பினோம். அதை நினைக்கும்போது இன்றும் நெஞ்சு நிமிர்கிறது. மார்ச்சிலும் ஏப்ரலிலும் இரண்டாம் அலை எழுந்தது. ஆக்சிஜனுக்கும் படுக்கைக்கும் ஜனங்கள் தெருவில் அலைந்தார்கள். ஏற்றுமதி நின்றது. புனே ஆலையிலிருந்து தடுப்பூசி வரும் என்று நம்பியிருந்த ஏழை நாடுகள் அந்த ஆண்டின் பெரும்பகுதியைக் காத்திருந்தே கழித்தன. அரசை நான் குறை சொல்ல மாட்டேன். தன் ஊர்ச் சுடுகாடுகளில் இடமில்லாதபோது எந்த அரசும் அதைத்தான் செய்திருக்கும். அந்த மாதங்களில் நம் மருத்துவமனைகள் இன்னும் கொஞ்சம் வலுவாக இருந்திருந்தால் அந்தத் தடுப்பூசிப் பெட்டிகள் நின்றிருக்காது என்பதும் உண்மை.

இரண்டாவது சோதனை அரிசியில் வந்தது. உலகச் சந்தைக்கு வரும் அரிசியில் நாற்பது விழுக்காட்டை ஒட்டி இந்திய அரிசி. 2023 மழை பொய்த்துவிடுமோ என்ற அச்சத்தில், ஜூலை 20 அன்று பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்கு டெல்லி தடை போட்டது. அமெரிக்காவில் நம் ஆட்கள் இந்தியக் கடைகளுக்கு ஓடி மூட்டை மூட்டையாக வாங்கி அடுக்கியதைச் செய்திகளில் பார்த்தோம். அவர்களுக்கு அது ஒரு வாரத்துப் பரபரப்பு. நம் அரிசியை நம்பி உலை வைக்கும் மேற்கு ஆப்பிரிக்கக் குடும்பங்களுக்கு அப்படி இல்லை. அங்கே விலை ஏறியது. 2024 செப்டம்பரில்தான் தடை நீங்கியது. ஜி20 அமைப்புக்குத் தலைமையேற்று, ஆப்பிரிக்க ஒன்றியத்தை அதில் உறுப்பினராக்கிய அதே 2023இல்தான் இந்தத் தடையும் வந்தது.

தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும் என்பார்கள். தடைக்குக் காரணமும் அதுதான். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 81 கோடிப் பேருக்கு மாதந்தோறும் இலவச தானியம் கொடுக்கிற கடமை இந்த அரசுக்கு இருக்கிறது. அத்தனை பேருடைய அடுப்பும் கிடங்கு அரிசியை நம்பி எரியும்போது, வானம் கொஞ்சம் வெளுத்தாலே கதவைச் சாத்தத்தான் தோன்றும். வீட்டுக்குள் இருக்கும் பலவீனம் உலகத்துக்குக் கொடுக்கும் கையைப் பிடித்து இழுக்கிறது. வெளியுறவு வல்லுநர்கள் தலைமையைப் பற்றி ஒரு மேசையிலும், ஊட்டச்சத்து வல்லுநர்கள் பிள்ளைகளைப் பற்றி வேறொரு மேசையிலும் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டும் ஒரே பேச்சு.

நாம் நன்றாகக் கொடுத்த நேரங்களும் உண்டு. 2022இல் இலங்கை திவாலாகி, எரிபொருளுக்கும் மருந்துக்கும் வழியில்லாமல் நின்றபோது இந்தியா 400 கோடி டாலர் அளவுக்குத் தோள் கொடுத்தது. தமிழ்நாடு அரசு தன் பங்குக்கு 40,000 டன் அரிசியும் பால்பவுடரும் மருந்தும் அனுப்பியது. அது தமிழருக்கு மட்டும் என்றில்லாமல் இலங்கை மக்கள் எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பியது. இந்தப் பெருந்தன்மையை அந்தத் தீவில் நெடுங்காலம் நினைவில் வைத்திருப்பார்கள்.

கொல்லிமலைக்குக் கொடையைப் பற்றிய பேச்சு புதிதல்ல. இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரியின் வில் திறத்தைப் பற்றிப் பெரிய கதை இருக்கிறது. ஒரே அம்பு யானையைத் துளைத்து, புலியைத் துளைத்து, மானும் பன்றியும் கடந்து உடும்பில் போய் நின்றதாம். அந்த வில் அவனைக் காப்பாற்றவில்லை. மலையமான் காரியோடு நடந்த போரில் ஓரி மாண்டான், வென்ற காரி மலையைச் சேரனுக்குக் கொடுத்தான். ஆனாலும் கடையெழு வள்ளல்களில் ஒருவனாகத்தான் தமிழ் அவனை நினைவில் வைத்திருக்கிறது. வன்பரணர் போன்ற புலவர்கள் அவன் கொடையைப் பாடினார்கள். இன்றும் ஆடிப் பெருக்கை ஒட்டிக் கொல்லிமலையில் அரசு அவன் பெயரில் விழா எடுக்கிறது. வென்றவர்களுக்கு அங்கே விழா இல்லை.

இனி மலையின் தட்டுக்கு வருகிறேன். கொல்லிமலையின் பழைய சோறு சாமையும் தினையும் கேழ்வரகும்தான். சாமையிலேயே கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, வெள்ளைப் பெருஞ்சாமை என்று ரகம் ரகமாக உண்டு. சரிவிலும் வானம் பார்த்த மண்ணிலும் உரமும் மருந்தும் கேட்காமல் விளைகிற பயிர்கள். ஒரு தலைமுறைக்குள் அவை சுருங்கி, அந்த இடத்துக்குக் குச்சிக்கிழங்கு என்னும் மரவள்ளி வந்துவிட்டது. கீழே சேலம், நாமக்கல் வட்டாரத்து சேகோ ஆலைகள் அதற்காகக் காத்திருக்கின்றன. கிழங்கில் இருக்கும் மாவுச்சத்தைப் பாயிண்ட் கணக்கில் அளந்து விலை போடுகிறார்கள். இங்கிருந்து ஜவ்வரிசியாக வடநாட்டு விரத உணவுக்குப் போகிறது. கிழங்கு மண்ணை உறிஞ்சும், சரிவில் மண் அரிக்கும் என்று பயிர் செய்கிறவர்களுக்கே தெரியும். தெரிந்தும் போடுகிறார்கள் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது.

அந்தக் காரணத்தை ஒரு வீட்டுவாசலில் கண்டேன். வயதான அம்மா ஒருவர் உரலில் சாமை குத்திக்கொண்டிருந்தார். ஒரு சுற்றுக் குத்தி, அள்ளி முறத்தில் போட்டுப் புடைத்து, உமியை ஊதித் தள்ளி, உமி போகாததை மறுபடி உரலில் கொட்டினார். சாமையின் உமி லேசில் கழலாது. நெல்லைப் போல நினைத்துவிடக் கூடாது. ஒரு வேளைச் சோற்றுக்கு வேண்டிய அரிசி சேர்வதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். உலக்கையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டே பேசினார்: “சாமச் சோறு ஒரு நேரம் தின்னா அந்தி வரைக்கும் பசிக்காதுங்க சாமி. ஆனா யாரு குத்தறது? மருமவ குடகுக்குக் காப்பி பறிக்கப் போயிருக்குது. குச்சிக்கெழங்குன்னா புடுங்கிப் போட்டாப் போதும், லாரி வந்து எடுத்துக்கிட்டுப் போயிருதுங்க.” பேரப்பிள்ளைகள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டேன். ரேஷன் அரிசி என்றார்.

இதில் யாரையும் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. கிழங்குப் பணத்தில் தளம் போட்ட வீடு வந்திருக்கிறது, பிள்ளை கீழே கல்லூரிக்குப் போயிருக்கிறது. பெண்ணின் தோளை ஒடிக்கும் வேலையைப் பண்பாடு என்று கொண்டாட நான் தயாரில்லை. சாமை போனதற்குப் பாதிக் காரணம் அந்த உலக்கைதான். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இந்த மலையில் வேலை செய்திருக்கிறது. உமி நீக்கும் சிறு ஆலைகளை ஊருக்குள்ளேயே வைத்து மகளிர் குழுக்களிடம் ஒப்படைத்தது, பழைய விதைகளைச் சேர்த்து வைத்தது, மாவும் அவலும் செய்து விற்க வழிகாட்டியது. கோதுமையால் நாட்டின் பசியை விரட்டிய அதே மனிதர், பிற்காலத்தில் சாமைக்கும் தினைக்கும் பின்னால் நின்றதை நான் அவருடைய வாழ்வின் முக்கியமான பகுதியாக நினைக்கிறேன். 2023 செப்டம்பர் 28 அன்று அவர் மறைந்தார்.

2023 ஐ.நா. அறிவித்த சிறுதானிய ஆண்டு. அதை முன்மொழிந்தது இந்தியா. எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் ஆதரித்தன. அந்த ஆண்டு செப்டம்பரில் டெல்லியில் ஜி20 விருந்தில் தினையும் குதிரைவாலியும் உலகத் தலைவர்களின் தட்டுக்குப் போயின. ஆயுதத்தையும் கடனையும் காட்டாமல், தன் மலைகளிலும் மானாவாரிக் காடுகளிலும் காலங்காலமாக விளைந்த ஒரு தானியத்தை ஒரு நாடு உலகத்தின் முன் வைத்தது. மழை குறைந்தாலும் தாங்கும், குழந்தையின் உடம்புக்கு இரும்புச்சத்துத் தரும், ஆப்பிரிக்க விவசாயிக்கும் உதவும். உலகத் தலைமை என்றால் எனக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது. அந்த யோசனை நல்ல யோசனை. அது பாதியில் நிற்பதுதான் என் வருத்தம். கேழ்வரகுக்கும் சோளத்துக்கும் கம்புக்கும் மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை இருக்கிறது. சாமைக்கும் தினைக்கும் இல்லை. ஒடிசா அரசு 2017இல் தொடங்கிய சிறுதானியத் திட்டத்தின் கீழ் பழங்குடி விவசாயிகளிடம் கேழ்வரகை ஆதரவு விலைக்கு வாங்கி வருகிறது, அங்கே அது நடக்கிறது. கோதுமைக்காக 1965இல் வரப்பு வரை நடந்த அரசாங்கம், சாமைக்காக எழுபது வளைவு ஏறி வரவில்லை.

உள்ளூர்ப் பிள்ளையின் தட்டுக்கும் உலகத் தலைமைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டன் சேரிகளை வைத்துக்கொண்டே உலகை ஆண்டது, அமெரிக்கா நிறவெறியை வைத்துக்கொண்டே தலைமைக்கு வந்தது என்பார்கள். அந்த இரண்டு நாடுகளின் கதையையும் கூர்ந்து படித்தால் வேறொன்று தெரியும். 1899இல் போயர் போர் தொடங்கியதும் மான்செஸ்டர் போன்ற தொழில் நகரங்களிலிருந்து படையில் சேர வந்த இளைஞர்களில் பெரும் பகுதியினர் உடல் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். குட்டையாக, சோகையாக, பல் சொத்தையாக வந்து நின்றார்கள். சூரியன் மறையாத பேரரசு தன் பிள்ளைகளின் உடம்பைப் பார்த்து அதிர்ந்தது. விசாரணைக் குழு போட்டார்கள். 1906இல் பள்ளியில் உணவு கொடுப்பதற்குச் சட்டம் வந்தது. அமெரிக்காவும் இரண்டாம் உலகப் போருக்கு ஆள் எடுக்கும்போதுதான் தன் இளைஞர்களில் எத்தனை பேர் சத்துக்குறைவால் தள்ளுபடியாகிறார்கள் என்று கண்டது. 1946இல் தேசியப் பள்ளி மதிய உணவுச் சட்டம் வந்தது. மார்ஷல் திட்டத்தின் கீழ் ஐரோப்பாவுக்கு 1,300 கோடி டாலர் கொடுக்கத் தொடங்கியது அதற்குப் பிறகு, 1948இல்.

நம் கணக்கு இது. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தமிழ்நாட்டில் 25 விழுக்காடு. நான்கில் ஒரு பிள்ளை. 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை, அதற்கு முந்தைய ஆய்வில் 53 விழுக்காடாக இருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பொருளாதாரம் வளர்ந்தது, பெண்களின் ரத்தம் குறைந்தது. நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்கு நாம் செலவிடுவது 0.64 விழுக்காடு, தென் கொரியா ஐந்தை நெருங்குகிறது. இந்த எண்களில் கொல்லிமலையும் அடக்கம், சென்னையும் அடக்கம்.

தமிழ்நாடு இதற்கு ஒரு விடையை முன்பே எழுதிப் பார்த்திருக்கிறது. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது இது கட்டுப்படியாகாது, வளர்ச்சிக்குப் போக வேண்டிய பணம் வீணாகிறது என்று பொருளியல் படித்தவர்கள் எழுதினார்கள். அப்போது இது பணக்கார மாநிலம் அல்ல. பிள்ளைகளுக்குச் சோறு முதலில் வந்தது, ஆலைகள் பிறகு பெருகின. இன்று நாமக்கல் கோழிப்பண்ணைகளின் முட்டை வளைகுடா நாடுகளுக்குப் போகிறது, சத்துணவுக்கூடத்துக்கும் போகிறது. 2022 செப்டம்பரில் 1,545 பள்ளிகளில் காலை உணவும் தொடங்கி, பின்னர் மாநிலமெங்கும் பரவியது. 2024-25இல் தமிழ்நாட்டின் வளர்ச்சி 11 விழுக்காட்டைத் தாண்டியது என்று மத்திய அரசின் புள்ளிவிவரமே சொன்னது. சோற்றுக்குச் செலவழித்த மாநிலம் வளர்ச்சியில் பின்தங்கிவிடவில்லை.

கூரை ஏறிக் கோழி பிடிக்காதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டுவானா என்ற பழமொழியைச் சந்திரயானுக்கு எதிராகச் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது உடன்பாடில்லை. சந்திரயான்-3 திட்ட இயக்குநர் ப. வீரமுத்துவேல் விழுப்புரத்தில் ரயில்வே ஊழியரின் மகன். ரயில்வே பள்ளியில் படித்து, பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து, படிப்படியாக சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் வரை போனவர். அந்தப் பள்ளியும் பாலிடெக்னிக்கும் இல்லாமல் போயிருந்தால் அந்தப் பொறுப்பில் அவர் இருந்திருக்க மாட்டார். அப்படி ஒரு வழி கொல்லிமலையின் உண்டு உறைவிடப் பள்ளியிலிருந்தும் தொடங்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

ஆக, என் கணிப்பை மறைக்காமல் சொல்கிறேன். இந்தியா இன்னும் பெரிதாகும். அதில் எனக்கு ஐயமில்லை. தலைமை இன்னும் நம் கைக்கு வரவில்லை. வருவதற்குத் தேவையான அறிவும் கொடுக்கும் மனமும் இந்த நாட்டில் இருப்பதை 1968லும் 2021 ஜனவரியிலும் 2022லும் கண்டோம். காலம்தான் குறைவு. குடும்பத்துக்குப் பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகின்றன. 2019-21 குடும்பநல ஆய்வின்படி தேசியச் சராசரி பெண்ணுக்கு இரண்டு, தமிழ்நாட்டில் 1.8. உழைக்கும் வயதினர் இவ்வளவு பேர் ஒன்றாக இருக்கும் காலம் இந்த நாட்டுக்கு இன்னொரு முறை வராது. ஜப்பான் பணக்கார நாடாகிப் பிறகு மூப்படைந்தது. பிள்ளைகளின் உடம்பையும் படிப்பையும் இப்போது கவனிக்காவிட்டால் நமக்கு அந்த வரிசை மாறிவிடும்.

அதனால் ஆண்டுதோறும் வளர்ச்சிக் கணிப்பு வெளியிடுகிறவர்களிடமும் அதைத் தலைப்புச் செய்தியாக்குகிறவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வளர்ச்சி விகிதத்தைப் போடும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், குழந்தைகளின் உயரத்தையும் பெண்களின் ரத்த அளவையும் போடுங்கள். 2047இல் இந்த நாட்டின் ஆய்வுக்கூடத்திலும் மருத்துவமனையிலும் வயலிலும் நிற்கப்போகிறவர்கள் இப்போது அங்கன்வாடியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், நாம் உலகத்துக்குத் தலைமை தாங்குவோமா என்று.